தண்ணீர் பாட்டிலில் பினாயில் வேண்டாம்

காலை பத்து மணிவாக்கில் தெருவில் அந்த வண்டி வரும். "ஆசிட், பினாயில், சோப் ஆயில்" என்று பதிவு செய்த குரல் ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கேட்கும். வண்டிக்காரர் பெரிய கேனிலிருந்து புனல் வைத்து ஊற்றித் தருவார், பாட்டில் நம்முடையது. நாம் எடுத்துக்கொண்டு ஓடுவது பெரும்பாலும் காலியான தண்ணீர் பாட்டில், இல்லையென்றால் கூல் டிரிங்ஸ் பாட்டில். விலையும் மலிவு, பாட்டிலும் வீணாகவில்லை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் உள்ள வழக்கம்தான் இது. ஆனால் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தால் கதை வேறு. அந்தக் குழந்தையைப் பொறுத்தவரை அந்த பாட்டிலில் இருப்பது தண்ணீர். நேற்றுவரை அம்மா அதிலிருந்துதான் குடிக்கக் கொடுத்தாள்.

வீட்டைச் சுத்தமாக வைக்க வாங்கும் பொருள்கள் சின்னக் குழந்தைகளுக்கு எப்படி விஷமாகின்றன, அதை எப்படித் தடுப்பது என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குழந்தையை அதட்டுவதாலோ, கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருப்பதாலோ இந்த விபத்துகள் நிற்பதில்லை. எந்தப் பொருள் எந்த பாட்டிலில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மாற்றினால்தான் நிற்கும்.

ஏன் ஒன்றிலிருந்து மூன்று வயது?

தவழ ஆரம்பித்த குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அது கெட்ட பழக்கம் இல்லை, வளர்ச்சியின் ஒரு கட்டம். நடக்கத் தொடங்கியதும் எட்டும் தூரம் கூடிவிடுகிறது. மூடியைத் திருகவும், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறவும் கற்றுக்கொள்கிறது. ஆனால் இது குடிக்கக் கூடாதது என்று பிரித்தறியும் வயது இன்னும் வரவில்லை. எழுத்தும் தெரியாது, மண்டையோட்டுப் படமும் புரியாது. கையும் காலும் வேகமாக வளர்ந்து, அறிவு அதன் பின்னால் மெதுவாக வரும் இந்த இரண்டு மூன்று ஆண்டுகள்தான் அபாயக் காலம்.

"நாத்தம் அடிக்குதே, எப்படிக் குடிப்பான்?" என்று கேட்பவர்கள் உண்டு. இன்று விற்கும் பினாயிலில் மல்லிகை வாசனை, பாத்திரம் துலக்கும் திரவத்தில் எலுமிச்சை வாசனை. வெள்ளைப் பினாயில் தண்ணீரில் கலந்ததும் பால் நிறமாகிவிடும். சோப் ஆயில் ரோஸ் நிறத்திலும் பச்சை நிறத்திலும் சர்பத் மாதிரி வருகிறது. வாசனையையும் நிறத்தையும் நம் கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிக்க வேண்டும் என்றுதான் சேர்க்கிறார்கள். குழந்தைக்கும் அது பிடித்துப்போகிறது.

அளவும் முக்கியம். இந்த வயதில் ஒரு மிடறு என்பது ஏறத்தாழ 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி. பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. 10 கிலோ எடையுள்ள உடம்புக்கு, சில பொருள்களில் அதுவே மிக அதிகம்.

மூன்று விதமான கேடு

எல்லா வீட்டுப் பொருளும் ஒரே மாதிரி விஷம் இல்லை. சில பட்ட இடத்தைப் பொசுக்கும். சில நுரையீரலுக்குள் போகும். சில ரத்தத்தில் கலந்து மூளையையோ சிறுநீரகத்தையோ தாக்கும். எது எந்த வகை என்று தெரிந்தால்தான், பின்னால் சொல்லப்போகும் முதலுதவி ஏன் அப்படி என்பதும் புரியும்.

பொசுக்குபவற்றில் முதலாவது டாய்லெட் கிளீனரும் ஆசிட்டும். கம்பெனி டாய்லெட் கிளீனர்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பொதுவாக 10 சதவீதம் அளவில் இருக்கும். வண்டியில் வாங்கும் ஆசிட்டில் எவ்வளவு என்று பாட்டிலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதற்கு இணையாகப் பயப்பட வேண்டியது, சிங்க் அடைப்பை நீக்கப் போடும் வெள்ளைத் துகள்கள். அவை பெரும்பாலும் காஸ்டிக் சோடா. பார்க்கக் கல்லுப்பு போலவோ சர்க்கரை போலவோ இருக்கும்.

அமிலம் நாக்கில் பட்டதுமே எரியும். குழந்தை துப்பிவிட வாய்ப்பு உண்டு. காஸ்டிக் சோடா போன்ற காரம் (அமிலத்துக்கு எதிர் வகை) அப்படி இல்லை. உடனே அவ்வளவு எரியாமல் உள்ளே இறங்கி, சதையைக் கரைத்துக்கொண்டே ஆழமாகப் போகும். இரண்டிலும் உண்மையான துன்பம் அன்றைக்கு முடிவதில்லை. உணவுக்குழாயில் ஏற்பட்ட புண் ஆறும்போது தழும்பாகிச் சுருங்குகிறது. மூன்று வாரம் கழித்து, தேறிவிட்டது என்று நினைத்த குழந்தைக்கு இட்லி இறங்காது. பிறகு கஞ்சி இறங்காது. கடைசியில் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடியவிடும். சுருங்கிய குழாயை எண்டோஸ்கோப் வழியாக விரித்துவிடுவார்கள். அது மறுபடி சுருங்கும், மறுபடி விரிப்பார்கள். மாதக்கணக்கில், சில குழந்தைகளுக்கு வருடக்கணக்கில் இது நடக்கும். அதுவும் பலிக்காவிட்டால் வேறு உறுப்பிலிருந்து எடுத்து உணவுக்குழாயையே புதிதாக அமைக்கும் பெரிய அறுவைச் சிகிச்சை. ஒரே ஒரு மிடறின் விலை இது. அதனால்தான் ஆசிட் பாட்டில் விஷயத்தில் என்னால் அலட்சியமாக இருக்க முடியவில்லை.

இதில் ஒரு செய்தியை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வாயில் புண் இல்லையென்றால் உள்ளேயும் புண் இல்லை என்று அர்த்தமில்லை. உதடும் நாக்கும் நன்றாக இருந்து, உணவுக்குழாய் வெந்துபோன குழந்தைகள் உண்டு. "வாயைத் திறந்து பார்த்தோம், ஒண்ணும் இல்ல" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போட்டுக் கழுவுவது இன்னொரு தவறான வழக்கம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றுப் போகாத சின்ன பாத்ரூமில் அது பெரியவர்களுக்கே மூச்சை அடைக்கும். பக்கத்தில் நிற்கும் குழந்தையைச் சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது வகை, நுரையீரலுக்குள் போவது. மண்ணெண்ணெய், பெயிண்ட் தின்னர், டர்பன்டைன், கொசுவிரட்டித் திரவம் எல்லாம் இதில் சேரும். கொசுவிரட்டியை இங்கே சேர்ப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பிளக்கில் மாட்டும் அந்தச் சின்ன பாட்டிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள். பூச்சிமருந்து ஓரிரு சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி, நாற்றம் நீக்கிய மண்ணெண்ணெய். பிளக் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்கிறது; பாட்டிலைத் திருகிக் கழற்றிவிடலாம்; மேலே உறிஞ்ச வசதியாக ஒரு திரி நீட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தை அதை வாயில் வைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இவை கெட்டியில்லாதவை, வேகமாகப் பரவுபவை. விழுங்கும்போது புரையேறினால் சில துளிகள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய பூச்சை அது கரைத்துவிடும். அடுத்த சில மணி நேரத்தில் இருமல், மூச்சிரைப்பு, காய்ச்சல் என்று நிமோனியா தொடங்கும். வயிற்றுக்குள் போனதைவிட நுரையீரலுக்குள் போனதுதான் ஆபத்து. வாந்தி எடுக்க வைத்தால் அதே திரவம் தொண்டைக்கு மறுபடி வந்து, நுரையீரலில் இறங்க இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. இந்த வகைக் குழந்தைகள் பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவமனையில் குறைந்தது ஆறு மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்து வராதீர்கள்.

பைன் எண்ணெய் கலந்த பினாயிலும் இப்படி நுரையீரலைத் தாக்கும். அதோடு மயக்கத்தையும் கொடுக்கும். காயத்துக்குப் போடும் கிருமிநாசினித் திரவங்களிலும் இந்த இரண்டு ஆபத்தும் உண்டு.

விஷமென்று யாரும் நினைக்காத ஒன்றும் இதில் உண்டு: முகப் பவுடர். குளிப்பாட்டித் துடைத்து, மடியில் போட்டுப் பவுடர் பூசும்போது குழந்தை கையை காலை உதறும். சும்மா இருக்கட்டும் என்று பவுடர் டப்பாவையே கையில் கொடுத்துவிடுவோம். அது டப்பாவைத் தலைகீழாக்கி ஆட்டும். மேல்மூடி சரியாகத் திருகியிருக்காவிட்டால் முகத்தில் கொட்டும். டால்க் பவுடரை ஒரே மூச்சில் நிறைய உள்ளே இழுத்த குழந்தைக்குக் கடுமையான மூச்சுத்திணறல் வரும், உயிரிழப்புகளும் நடந்திருக்கின்றன. விளையாடக் கொடுக்க வேறு எது வேண்டுமானாலும் கொடுங்கள், அந்த டப்பா வேண்டாம். குழந்தைக்குப் பவுடரே தேவையில்லை என்பது என் கருத்து.

மூன்றாவது வகையில் முதலில் சொல்ல வேண்டியவை உருண்டைகள். பீரோவில் துணிக்கு நடுவே போடும் அந்துருண்டை, வாஷ்பேசினில் போடும் ரோஸ், பச்சை, மஞ்சள் உருண்டைகள். கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் மிட்டாய்க்கும் இதற்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. வெள்ளை உருண்டைகளில் பெரும்பாலும் நாப்தலீன் இருக்கிறது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு ஒரே உருண்டை போதும், ரத்தச் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். அன்றே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஓரிரண்டு நாள் கழித்துச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், குழந்தை வெளுத்துப்போகும். அந்தக் குறைபாடு தங்கள் குழந்தைக்கு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. எனவே உருண்டையை விழுங்கினால், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கற்பூரம் அதைவிட வேகமானது. பூஜை அலமாரியில் சின்ன வெள்ளை வில்லைகளாக இருக்கும். சின்னக் குழந்தைக்கு 1 கிராம்கூட உயிருக்கு ஆபத்து. விழுங்கிய சில நிமிடங்களிலேயே, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் வலிப்பு வரலாம். சர்க்கரைப் பொங்கலில் போடும் பச்சைக் கற்பூரத்தைச் சிட்டிகையிலும் சிறிதாகக் கிள்ளிப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது. சளிக்கு என்று கற்பூர எண்ணெயைக் குழந்தைக்கு உள்ளே கொடுப்பது கூடவே கூடாது.

தலைமுடிக்குப் பூசும் கருப்புச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற பொருள் முகத்தையும் கழுத்தையும் வீங்கவைத்து மூச்சுப்பாதையை அடைக்கும். தசைகளைச் சிதைத்துச் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வாசல் தெளிக்கச் சாணிப்பொடி என்று ஒன்றைப் பயன்படுத்துவார்கள். பெயரில்தான் சாணி. உள்ளே இருப்பது ஆரமின், மாலகைட் கிரீன் போன்ற செயற்கைச் சாயங்கள். இந்தப் பொடி உயிரைப் பறித்த கதைகள் அந்தப் பகுதியில் ஏராளம். குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கு இடமே கிடையாது.

ஹேண்ட் சானிட்டைசர் கொரோனா காலத்தில் எல்லா வீட்டு மேசைக்கும் வந்தது. உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவையில் எத்தனால் 80 சதவீதம். குழந்தைக்கு அது மயக்கத்தோடு ரத்தச் சர்க்கரையையும் தாழ்த்திவிடும். 2021 ஜனவரி 31 அன்று மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில், போலியோ சொட்டு மருந்து முகாமில் 12 குழந்தைகளுக்குச் சொட்டு மருந்துக்குப் பதிலாகச் சானிட்டைசரைக் கொடுத்துவிட்டார்கள். குழந்தைகளை மருத்துவமனையில் சேர்த்தார்கள், தேறிவிட்டார்கள். சுகாதாரப் பணியாளர்கள் கையிலேயே ஒரு திரவம் இன்னொன்றாக மாறிப்போகும் என்றால், நம் சமையலறை மேடையில் அடையாளமில்லாமல் நிற்கும் பாட்டில்களை என்னவென்று சொல்வது?

பயப்படத் தேவையில்லாதவையும் உண்டு. குளியல் சோப்பைக் கடிப்பது, கொஞ்சம் ஷாம்புவை நக்குவது, பட்டாணி அளவு டூத்பேஸ்ட்டை விழுங்குவது இவற்றால் பெரும்பாலும் வயிற்றுப் புரட்டலும் வாந்தியும்தான். வாயைத் துடைத்துவிட்டுக் கவனித்தால் போதும். தொடர்ந்து இருமினாலோ மூச்சு இரைத்தாலோ மட்டும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூடியை எவ்வளவு நம்பலாம்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வின்ட்சர் என்ற ஊரில் ஆன்ரி ப்ரோ என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். மருந்து விழுங்கிய குழந்தைகள் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர். பெற்றோரிடம் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் பாட்டிலையே மாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அவர் முயற்சியால் 1967-ல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகும் மூடி வந்தது. அந்த வட்டாரத்தில் குழந்தைகளின் விஷ விபத்துகள் பெருமளவு குறைந்தன. அமெரிக்கா 1970-ல் இதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. அறிவுரை செய்யாததை ஒரு மூடி செய்தது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம்.

ஆனால் அந்த மூடியைச் சோதிக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றரை முதல் நான்கே கால் வயதுக் குழந்தைகளிடம் பாட்டிலைக் கொடுத்து ஐந்து நிமிடம் விடுவார்கள். பிறகு பேசாமல் ஒருமுறை திறந்து காட்டிவிட்டு இன்னும் ஐந்து நிமிடம், பல்லால் கடித்தும் பார்க்கலாம் என்று விடுவார்கள். நூற்றுக்கு 80 குழந்தைகள் திறக்க முடியாமல் தோற்றால் மூடி தேறியது. மீதி 20 பேர் பத்து நிமிடத்துக்குள் திறந்திருக்கலாம்! ஆகவே அந்த மூடி குழந்தையைத் தாமதப்படுத்தும், தடுத்து நிறுத்திவிடும் என்று சொல்ல முடியாது. நம் ஊர் டாய்லெட் கிளீனர்கள் சிலவற்றில் பக்கவாட்டில் அமுக்கித் திருகும் மூடி இருக்கிறது. முழுதாகத் திருகி மூடினால்தான் அதனால் பயன். வேறு பாட்டிலுக்கு ஊற்றிவிட்டால் மூடியும் போச்சு, லேபிளும் போச்சு.

வீட்டில் என்ன மாற்றலாம்

முதல் மாற்றம், குடிக்கிற பாட்டிலில் குடிக்காததை ஊற்றாமல் இருப்பது. வண்டியில்தான் வாங்குவேன் என்றால், கைப்பிடி வைத்த கனமான கேன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். மேலே அழியாத மையில் பெயரை எழுதுங்கள். மறுமுறையும் அதே கேனைக் கொண்டுபோங்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பெயின்டர் பிரஷ் கழுவ டம்ளரிலோ தண்ணீர் பாட்டிலிலோ டர்பன்டைன் ஊற்றி வைப்பார். அவர் சாப்பிடப் போகும் நேரம்தான் குழந்தை தூங்கி எழுந்திருக்கும். முன்கூட்டியே அவரிடம் சொல்லி ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது உயரம். சிங்குக்கு அடியில், பாத்ரூம் மூலையில், வாஷிங் மெஷின் ஓரத்தில் எதையும் வைக்காதீர்கள். பெரியவர்கள் கையை உயர்த்தி எடுக்கும் உயரத்தில், கொக்கியோ பூட்டோ உள்ள அலமாரியில் இருக்கட்டும். ஒற்றை அறை வீடுகளில் அலமாரிக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம். உயரமாக ஒரு ஆணி அடித்து, வாயைக் கட்டிய பையில் மாட்டலாம். பழைய தகரப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டு வைக்கலாம். அலமாரிக்குக் கீழே நாற்காலியோ கட்டிலோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரு இடைவெளி இருக்கிறது: பயன்படுத்திக்கொண்டிருக்கும் நேரம். மாப் பக்கெட்டில் பினாயில் கலந்தாயிற்று, மூடி திறந்த பாட்டில் தரையில் நிற்கிறது, குக்கர் விசில் அடிக்கிறது, வாசலில் கூரியர்காரர் கூப்பிடுகிறார். இந்த விபத்துகள் நிறைய நடப்பது இந்தச் சில நிமிடங்களில்தான். ஊற்றியதும் மூடுங்கள், மூடியதும் மேலே வையுங்கள், அதற்குப் பிறகுதான் துடைக்க ஆரம்பியுங்கள். அழைப்பு வந்தால் பக்கெட்டை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். முடிந்தால் குழந்தை தூங்கும்போது இந்த வேலைகளை வைத்துக்கொள்ளலாம்.

வாங்காமல் இருப்பதும் ஒரு வழி. டைல்ஸ் கறைக்கு ஆசிட் அவசியமில்லை, தேய்க்கக் கொஞ்சம் சோடா மாவும் கையும் போதும். சிங்க் அடைப்புக்கு ரப்பர் பிளஞ்சர் இருக்கிறது. துணிக்கு அந்துருண்டைக்குப் பதிலாகக் காய்ந்த வேப்பிலை போடலாம். குழந்தை ஐந்து வயது தாண்டும்வரை ஆசிட்டும் காஸ்டிக்கும் இல்லாத வீடாக இருந்தால், இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

தாத்தா பாட்டி வீடு, விடுமுறைக்குப் போகும் உறவினர் வீடு, குடிமாறும் நாள் இவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். குழந்தை இல்லாத வீட்டில் எல்லாம் தரையில்தான் இருக்கும். போய்ச் சேர்ந்ததும், "அத்தை, பினாயில் பாட்டிலை மேல வச்சிடலாமா?" என்று கேட்க எந்தச் சங்கடமும் வேண்டாம்.

குடித்துவிட்டால்

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையில் விரலை விடாதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணிக்கரைசல் எதுவும் வேண்டாம். பொசுக்கும் பொருள் என்றால் மேலே வரும்போது உணவுக்குழாயை இரண்டாவது முறை சுடும். எண்ணெய்ப் பொருள் என்றால் நுரையீரலுக்குள் போகும். உப்புக் கரைசல் தன்னளவிலேயே குழந்தையின் உயிருக்கு ஆபத்து. அமிலம் குடித்ததற்கு மாற்றாகச் சோடா மாவு, காரத்துக்கு மாற்றாக எலுமிச்சை என்று முறிக்கவும் முயலாதீர்கள்.

வாயில் மிச்சம் இருப்பதை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். துணியில் கொட்டியிருந்தால் கழற்றிவிட்டு உடம்பைத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால், அழுதாலும் பிடித்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவிய பிறகே கிளம்ப வேண்டும். கண்ணைப் பொறுத்தவரை அந்தக் கழுவல்தான் பெரிய சிகிச்சை. மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தாலும் அப்படியே. வாயில் எதையும் திணிக்காதீர்கள். மருத்துவர் சொல்லும்வரை குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

மூச்சுத்திணறல், மயக்கம், வலிப்பு இருந்தால் உடனே 108. மற்ற நேரங்களில், எய்ம்ஸ் டெல்லியில் இயங்கும் தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117 இரவும் பகலும் கிடைக்கும். இரண்டையும் இப்போதே கைபேசியில் பதிந்துவிடுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியின் கைபேசியிலும் சேர்த்து. மருத்துவமனைக்குப் போகும்போது குழந்தை குடித்த பாட்டிலைக் கட்டாயம் கையோடு எடுத்துச் செல்லுங்கள், காலியாக இருந்தாலும். வண்டியில் வாங்கியது என்றால் மிச்சமிருப்பதை மூடி இறுக்கி அப்படியே கொண்டுபோங்கள். என்ன பொருள், சுமாராக எவ்வளவு, எத்தனை மணிக்கு, குழந்தையின் எடை எவ்வளவு, வாந்தி எடுத்ததா, வீட்டில் ஏதாவது கொடுத்தீர்களா என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். புளித்தண்ணீர் கொடுத்திருந்தாலும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.